புஷ்பம் முடிக்காத வாக்கியம்

1

ஊரிலிருந்து கிரேஸ் போன் செய்யும்போதெல்லாம் சாப்பாடு, மழை, என் முட்டுவலி எல்லாம் விசாரித்து முடித்தபின் ஒரு கேள்வி கேட்பாள். அவள் என் சித்தி மகள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். "எக்கா, அந்தப் பம்பாயில எப்படித்தான் பயமில்லாம இருக்கியளோ?" போன வாரமும் கேட்டாள். நானும் வழக்கம்போல, "இங்க என்னட்டி பயம்" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

வைத்தபின் நெடுநேரம் ஜன்னலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் மழைக்காலம் வந்துவிட்டால் எல்லாக் கூரைகளின் மேலும் நீலத் தார்ப்பாய் விரித்துவிடுவோம். அந்த நீலம் வழியாக இறங்குகிற வெளிச்சத்தில் சந்து முழுவதும் ஒரு குளத்தின் அடியில் கிடப்பதுபோலத் தோன்றும். ஆட்கள் நடந்து போவது நீந்திப் போவதுபோல இருக்கும். நான்கு மாதம் அப்படித்தான். யாராவது உரக்கக் கூப்பிட்டால்கூட தூரத்திலிருந்து வருகிற குரலாகவே கேட்கும்.

இந்த மழையோடு நான் இங்கே வந்து முப்பத்திரண்டு வருடம் முடிகிறது. பெயர் மும்பை என்று மாறி எத்தனையோ காலமாகியும் என் வாயில் இன்னும் பம்பாய்தான் வருகிறது. கிரேஸிடம் சொல்லாமல் சிரித்து மழுப்பியதை இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். ஊரில் இருக்கிற உங்களில் பலபேர் அதே கேள்வியைத்தான் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். பயம் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

2

எங்கள் சந்து முனையில் ஒரு போலீஸ் சௌக்கி இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு பெஞ்ச், ஓடுகிற நேரத்தைவிட நின்றிருக்கிற நேரம் அதிகமான ஒரு மின்விசிறி. ஸ்டேஷன் தொலைவில் இருக்கிறது என்பதால் சில்லறை விவகாரங்களுக்கு அந்தச் சின்ன அறைதான். அங்கே ஜாதவ் என்று ஒரு ஹவல்தார். மாதம் ஒருமுறை எங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூட்டம் போடுவார். மொஹல்லா கமிட்டி, அதாவது தெருக் கமிட்டி என்று பேர். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆளுக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் கொடுத்து, தெருவிளக்கு எரிகிறதா, புது ஆட்கள் யார், பெண்பிள்ளைகள் திரும்பி வருகிற வழியில் ஏதும் தொந்தரவு உண்டா என்றெல்லாம் கேட்பார்.

நான் அந்தக் கமிட்டியில் ஒரு ஆள். மாட்டுங்காவில் ஒரு தர்ம மருந்தகத்தில் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. நோயாளி எந்த மொழியில் முனகினாலும் அதை இந்தியில் டாக்டருக்குச் சொல்லிச் சொல்லி என் நாக்கு பழகிவிட்டது. வந்த புதிதில் பத்துக்குச் சொல்கிற 'தஸ்'ஸையும் இரண்டுக்குச் சொல்கிற 'தோ'வையும் குழப்பிக்கொண்டு ரயில் டிக்கெட் கவுன்டரில் வசை வாங்கியவள்தான் நான். இன்று ரேஷன் ஆபீஸானாலும் பேங்கானாலும் ஆஸ்பத்திரியானாலும் சந்தில் இருக்கிற நம்மாட்கள் முதலில் என் கதவைத்தான் தட்டுவார்கள். ஜாதவ் ஹவல்தார், "எஸ்தர் ஆன்ட்டி இருந்தால் எனக்கு மதராஸி புரியும்" என்று எல்லார் முன்னாலும் சொல்வார். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை வெளியே காட்டிக்கொண்டதில்லை.

என் மகள் ரூத்துக்கு மட்டும் அதில் ஒரு கிண்டல் உண்டு. அவளுக்கு இருபத்தைந்து வயது. லோயர் பரேலில் ஒரு ஆபீஸில் வேலை. தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. கோயில் பாட்டுகளை இந்தி எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுகிற பிள்ளை. நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரும். செம்பூர்ப் பக்கம் திலக் நகரில் சிநேகிதிகளோடு தனியாக வீடு எடுத்துத் தங்கப் போகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அம்மா, உன் இந்தி மருந்துச் சீட்டு மாதிரி. சின்னச் சின்ன வாக்கியம், எல்லாத்துக்கும் ஒரே மாத்திரை" என்பாள். நான் கோபித்துக்கொள்வேன்.

நான் சொல்லவந்தது நடந்த வருடம் மழைக்கு முன்னாலிருந்தே செயின் பறிப்பு ஆரம்பித்துவிட்டது. அடுத்தடுத்துப் பக்கத்துச் சந்துகளில் நடந்தது. பெண்கள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனார்கள். கூட்டத்தில் சத்தம் அதிகமானது. காமிரா வேண்டும் என்றோம். வெளியாட்கள் யார் யார் என்று கணக்கெடுக்க வேண்டும் என்றோம். வாடகைக்கு ஆள் வைத்தால் வீட்டுக்காரர் போலீசுக்கு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். பாதிப்பேர் கொடுப்பதில்லை. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று வீடுவீடாகப் பார்த்து எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வரிசையின் கடைசி வீட்டில், ஏணி வைத்து ஏறுகிற மேல்தட்டில் டைல்ஸ் ஒட்டுகிற வடக்கத்தி ஆட்கள் நாலைந்து பேர் தங்கியிருந்தார்கள். காலையில் போனால் இருட்டும்போது சிமெண்ட் படிந்த முடியோடு வருவார்கள். யாரோடும் பேச்சு கிடையாது. 'பேப்பர் இல்லை' என்று அந்த வீட்டுக்கு நேராக எழுதினேன். அந்த ஏணியில் ஏறி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

3

ஒரு சனிக்கிழமை காலை. எனக்கு லீவு. பதினொரு மணி இருக்கும். மழை கனத்துப் பெய்துவிட்டு, மூச்சு வாங்குவதுபோல் சற்று நின்றிருந்தது. உளுந்து ஊறப் போட்டுவிட்டு ஜன்னலோரம் கண்ணை மூடினேன். அரைத் தூக்கத்தில் யாரோ என் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடிவருவது கேட்டது. அது ஊரில் கேட்கிறதா, இங்கே கேட்கிறதா என்று பிரியவில்லை.

அந்தோணி வந்து நின்றான். அடுத்த வரிசையில் இருக்கிறான். தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் வேலை. "எக்கா, புஷ்பத்துக்கு செயினை அத்துட்டானுவ. சௌக்கிக்கு வாங்க. ஆளைப் புடிச்சாச்சு."

புஷ்பம் அவன் மனைவி. வயது நாற்பதை நெருங்கும். கல்யாணமான நாள்முதல் ஊரிலேயே இருந்துவிட்டு, மாமியார் மறைந்தபின் இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் இங்கே வந்திருந்தாள். இந்தியில் போதும் என்கிற 'பஸ்', இல்லை என்கிற 'நஹி' இரண்டு வார்த்தைதான். மீன் வாங்கப் போனவள்.

சௌக்கிக்குள் நுழைய முடியவில்லை, அவ்வளவு கூட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெஞ்சில் புஷ்பம். சேலையெல்லாம் சேறு, கழுத்தில் செயின் அறுத்த சிவப்புக் கோடு. சுவரோரம் தரையில் முப்பது முப்பத்தைந்து வயது ஆள் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வாயோரம் ரத்தம். யாரோ அறைந்திருக்கிறார்கள். கடைசி வீட்டு மேல்தட்டில் இருக்கிற டைல்ஸ்காரன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பட்டியலில் நான் எழுதியது கண்முன் வந்தது. 'நான் அப்பவே எழுதினேனே' என்று மனசுக்குள் ஒரு குரல் சொன்னது. வெட்கத்தோடு எழுதுகிறேன், அதில் ஒரு திருப்தி இருந்தது.

ஜாதவ் பேனாவை எடுத்தார். "ஆன்ட்டி, இவன் என்ன செய்தான் என்று கேளுங்கள்."

"புஷ்பம், இவன் என்ன செஞ்சான், சொல்லு."

அவள் அவனைப் பார்த்தாள். "இவந்தான் எக்கா... இவந்தான் கையைப் புடிச்சான்... கையைப் புடிச்சு..." அதற்கு மேல் வரவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

நான் திரும்பி ஜாதவிடம் சொன்னேன், "இஸ்னே ஹாத் பக்டா." கையைப் பிடித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். கூட்டம் காத்திருந்தது. "ஔர் செயின் கீஞ்சா" என்றேன். செயினை இழுத்தான். புஷ்பம் அதைச் சொல்லவில்லை. மீதியை நான் முடித்தேன்.

கீழே உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கி, "மைனே பசாயா, மைனே தோ பசாயா" என்றான். காப்பாற்றினேன் என்கிறான். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும், மருந்தகத்தில் தினம் கேட்கிற வார்த்தை. "எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்லுவான்" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். ஜாதவ் மராத்தியில் எழுதினார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஜீப் வந்து அவனை ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போனது. அவன் பெயர் திலீப் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன், பேப்பரில் எழுதியிருந்ததைப் பார்த்து.

4

புஷ்பத்தைக் கூட்டிவந்து என் வீட்டில் உட்காரவைத்தேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். சுக்குக் காப்பி போட்டேன். அவள் தூங்கினாள். ரூத் மூலையில் லேப்டாப்போடு இருந்தாள். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தார்ப்பாயில் விழுகிற சத்தத்தில் நானும் சற்று அசந்துபோனேன்.

விழித்தபோது மூன்று மணிக்கு மேல் இருக்கும். புஷ்பம் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குரல் தெளிந்திருந்தது.

"எக்கா, அந்த ஆளு வீட்டுக்குப் போயிட்டாவளா?"

"எந்த ஆளு?"

"அதான், சௌக்கியில இருந்தாவல்லா. வாயில ரத்தம் வந்துச்சே. அவியளுக்கு ஒரு கும்பிடு போடணும். அவிய கையைப் புடிச்சு இழுக்கலன்னா நான் பஸ்ஸுக்கு அடியிலதான் போயிருப்பேன்."

மெதுவாகக் கேட்டேன். அவள் மெதுவாகச் சொன்னாள். மீன் கடையிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். பின்சீட்டில் இருந்தவன் செயினைப் பிடித்து இழுத்தான். அந்த வேகத்தில் அவள் ரோட்டுப் பக்கமாகச் சாய்ந்தாள். எதிரே பஸ். கால் வழுக்கிவிட்டது. நடைபாதையில் வந்துகொண்டிருந்த ஒரு கை அவள் முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்தது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள். மோட்டார் சைக்கிள் போய்விட்டது. சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள் கண்டதெல்லாம் கழுத்தில் கை வைத்து அலறுகிற ஒரு பெண்ணையும் அவள் கையைப் பிடித்திருக்கிற ஒரு வேற்றாளையும்தான்.

"நீ ஏன் அங்கேயே சொல்லல?"

"சொன்னேனே எக்கா. கையைப் புடிச்சதச் சொன்னேனே. நீங்க இந்தியில சொன்னிய. எல்லாஞ் சொல்லிட்டியன்னு நெனச்சேன்."

ரூத் லேப்டாப்பை மூடினாள். "அம்மா, நீ என்ன சொன்னே? 'ஹாத் பக்டா'ன்னா?"

"ஆமா."

"ஒரு பொம்பளை போலீஸ்ல அப்டி சொன்னா அவன் தப்பா நடந்தான்னு அர்த்தம்மா. செயின் மட்டும் இல்ல. ரெண்டு கேஸ் ஆயிடும்."

நெடுநாளைக்குப் பிறகு அவள் முழுக்கத் தமிழில் பேசினாள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

எங்கள் பெரியண்ணன் தங்கராஜைப் பற்றி ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். பிழைப்புக்காகப் பம்பாய் வந்தான் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மை இல்லை. ஊரில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. டீக்கடைக்காரி ஒருத்தி, தங்கராசு அங்கன நின்னான் என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். நின்றான், அது பொய் இல்லை. போலீசில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். சைக்கிள் வேறு எங்கோ கிடைத்தது. திரும்பி வந்தவன் வீட்டுக்குள் சாப்பிடவில்லை, கொல்லையில் போய் உட்கார்ந்து சாப்பிட்டான். அடுத்த வாரம் ரயில் ஏறிவிட்டான். பின்னால் என்னை இங்கே கூட்டிவந்ததும் அவன்தான். சாவதற்கு ஒரு வருடம் முன்னால், காட்கோபர் போகிற ரயிலில் ஜன்னலோரம் நின்றுகொண்டு, ஓடுகிற தண்டவாளங்களைப் பார்த்தபடி ஒரே ஒரு தடவை அதைச் சொன்னான். "அவ மேல எனக்குக் கோவமில்ல எஸ்தரு. அவளைக் கூப்பிட்டு இன்னொரு வார்த்தை கேட்டிருந்தா அவளே சொல்லிருப்பா. யாரும் கேக்கல."

புஷ்பத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த ரயிலின் ஆட்டம் காலடியில் தெரிந்தது.

5

புஷ்பத்தைக் கூட்டிப்போக வந்த அந்தோணியிடம் சொன்னபோது அவன் முகம் இறுகிவிட்டது. "வேண்டாம்கா. ஒருத்தன் எம்பொண்டாட்டி கையைப் புடிச்சான்னு ஏற்கெனவே லைன் முழுக்கப் பேச்சா இருக்கு. இப்ப இவளே போயி அவன் நல்லவன்னு சொன்னா என்ன சொல்லுவாவ? போலீசுல நாளைக்கு நம்மளத் திருப்பிப் புடிப்பான், பொய்க் கேஸு குடுத்தன்னு."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. எனக்கும் அதே பயம்தான். கையெழுத்துப் போட்டவள் நான்.

புஷ்பம் கதவோரம் சாத்திவைத்திருந்த குடையை எடுத்தாள். "வாங்க எக்கா" என்றாள்.

நானும் அவளும் ரூத்தும் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தோம். அந்தோணி குடை இல்லாமல் பத்தடி பின்னால் நனைந்துகொண்டே வந்தான். சாலையெங்கும் தண்ணீர். எதிரே வருகிற முகங்கள் தண்ணீரில் எழுதிய முகங்களாகக் கலைந்து கலைந்து போயின. எவ்வளவு தூரம் நடந்தோம் என்று இன்றும் எனக்கு நினைவில்லை. நடந்துகொண்டே இருந்த மாதிரிதான் இருக்கிறது.

ஸ்டேஷனில் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தோம். முதலில் ஒருவர் ரெஜிஸ்டரில் பெயர் எழுதச் சொன்னார். இன்னொருவர் வாக்குமூலம் சௌக்கியில் எடுத்தது, அங்கேதான் போக வேண்டும் என்றார். ரூத் மராத்தியில் பேசினாள். பள்ளிக்கூடத்தில் படித்த சுத்தமான மராத்தி. அவள் அப்படிப் பேசுவாள் என்றே எனக்குத் தெரியாது. கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. என் வயதில் பாதிதான் இருக்கும். காலையில் எழுதிய தாளை முன்னால் வைத்திருந்தார். எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை, மாலைக்குள் போட வேண்டும் என்றார்.

"மேடம், தப்பு என்னுடையது" என்று ஆரம்பித்தேன். "அவள் பாதிதான் சொன்னாள். மீதியை நான் சேர்த்தேன்."

அவர் தாளில் என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார். "காலையில் ஒன்று சொன்னீர்கள். மாலையில் ஒன்று சொல்கிறீர்கள். நாளைக்கு என்ன சொல்வீர்கள்? யாராவது மிரட்டினார்களா?"

"இல்லை மேடம்."

"பஸ் ரோட்டுக் காமிராவில் பார்க்கச் சொன்னேன். மழையில் குடைகள்தான் தெரிகின்றன." ஒரு பெருமூச்சு விட்டார். "நீங்கள் பேசவேண்டாம் ஆன்ட்டி. அந்தப் பெண் பேசட்டும். உங்கள் மகள் சொல்லட்டும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். புஷ்பம் ஊர்ப் பேச்சில் படபடவென்று சொன்னாள். ரூத் பாதியில் தடுமாறினாள். "சறுக்கி", "வெலகி", "ஆஞ்சு இழுத்து" எதுவும் அவளுக்குப் புரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

புஷ்பம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்தாள். கதவருகே நின்ற பெண் கான்ஸ்டபிளிடம் போய், அந்தப் பெண்ணை நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "இது ரோடு" என்று தரையைக் காட்டினாள். மேசையைக் காட்டி, "இது பஸ்" என்றாள். கழுத்தைப் பின்னாலிருந்து யாரோ இழுப்பதுபோலக் காட்டி, வாயால் மோட்டார் சைக்கிள் சத்தம் போட்டாள். கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கினாள். அடுத்த நிமிஷம் புஷ்பம் நிஜமாகவே மேசைப் பக்கம் விழுந்தாள். நடிப்பு என்று தெரிந்திருந்தும் கான்ஸ்டபிளின் கை தானாக நீண்டு அவள் முழங்கைக்கு மேலே பிடித்து இழுத்தது.

"அங்கதான்" என்றாள் புஷ்பம் மூச்சு வாங்க. ஜாக்கெட் கையை மேலே தள்ளினாள். கான்ஸ்டபிளின் விரல்கள் பதிந்த அதே இடத்தில், காலையில் பதிந்த நான்கு விரல் தடங்கள் கன்றிப்போய் இருந்தன.

மேடம் எழுந்து வந்து பார்த்தார். திலீப்பைக் கூட்டிவரச் சொன்னார். அவன் வந்தான், காலை இழுத்து இழுத்து. மேடம் அவன் மணிக்கட்டைத் திருப்பினார். நகம் கீறிய கோடுகள்.

"இது போராடும்போதுகூட வந்திருக்கலாம்" என்றார் மேடம். ரூத் அதைத் தமிழில் சொன்னது புஷ்பத்துக்குப் புரிந்தது.

"அது என் நகம்" என்றாள். வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து நின்ற கணவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்து, "அவியளும் என் கையைப் புடிச்சாவ. நானும் அவிய கையைப் புடிச்சேன். விட்டா செத்துருவேன்னு புடிச்சேன்" என்றாள்.

ரூத் அதைச் சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல்.

மேடம் காலையில் எழுதிய தாளை ஒதுக்கி வைத்தார். பிறகு புதிய தாள் எடுத்தார். முன்பின் தெரியாத இருவர், மோட்டார் சைக்கிள், செயின் பறிப்பு என்று எழுதினார். என்னிடம், "ஆன்ட்டி, உங்கள் மேலும் நான் எழுதலாம்" என்றார். "எழுதுங்கள் மேடம்" என்றேன். அவர் எழுதவில்லை. ரூத் கையெழுத்துப் போடுமுன் ஒவ்வொரு வரியையும் புஷ்பத்துக்குத் தன் உடைந்த தமிழில் வாசித்துக் காட்டினாள். புஷ்பம் இரண்டு இடத்தில் திருத்தினாள்.

செயின் கிடைக்கவில்லை. இன்றுவரை இல்லை.

6

வெளியே வந்தபோது தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. திலீப் படியில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னைப் பார்த்தான். கோபமா, களைப்பா, தெரியவில்லை. "ஆன்ட்டி, என் போன் சேற்றில் விழுந்து செத்துவிட்டது. உங்கள் போனில் ஒரு கால் பண்ணிக்கொள்ளட்டுமா? தினமும் ஆறு மணிக்கு வீட்டில் எதிர்பார்ப்பார்கள்" என்று மட்டும் கேட்டான்.

கொடுத்தேன். நம்பரை மனப்பாடமாக அடித்தான். ஜார்கண்டில் எங்கோ ஒரு ஊர். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாத மொழி. ஆனால் குரல் புரிந்தது. வெடித்த உதட்டை ஒரு கையால் பொத்திக்கொண்டு, சிரித்துச் சிரித்துப் பேசினான். மழையைக் கை நீட்டிக் காட்டினான், அந்தப் பக்கம் இருக்கிறவள், மனைவியாக இருக்கும், அவளுக்குத் தெரிகிற மாதிரி. மழையால் வேலை இல்லை, சும்மா படுத்திருந்தேன் என்று சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தோணி அவன் பக்கத்தில் போனான். "சாய் பியேகா?" என்றான். இருவரும் எதிர்க்கடைக்குப் போய், ஒருவரையொருவர் பார்க்காமல் நின்று டீ குடித்தார்கள்.

அந்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். புஷ்பம் சொல்லாததைச் சேர்த்ததையும், ஏணி ஏறிக் கேட்காமல் பட்டியல் எழுதியதையும் சொன்னேன். "விடுங்க ஆன்ட்டி, வெளியாள்தானே" என்றார் ஒருவர் ஆறுதலாக. நானும் வெளியாள்தான் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. பட்டியலைத் திருப்பித் தரும்படி ஜாதவிடம் கேட்டேன். "அது ஃபைலில் போய்விட்டது ஆன்ட்டி, ஃபைலில் போனது போனதுதான்" என்றார். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. அதன் பிறகு அவர் யாரிடம் வாக்குமூலம் வாங்கினாலும், "பூரா போலோ" என்று அவர்கள் முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மேசையில் வைத்துவிடுவதைப் பார்க்கிறேன்.

திலீப் எங்கள் சந்தில் நிலைக்கவில்லை. போலீசில் பெயர் போன ஆளை வைத்திருக்க மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். நானும் அந்தோணியும் போய்ப் பேசிப் பார்த்தோம், நடக்கவில்லை. காட்கோபரில் ஒரு புதுக் கட்டடத்தில் வேலை என்று போய்விட்டான்.

இரண்டு வாரம் கழித்து மருந்தகத்தில் இருக்கும்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஒரு பெண் குரல், அந்த மொழி, அவசர அவசரமாக. நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்திருப்பேன். ஏதோ ஒன்று தடுத்தது. "புரியவில்லை, மெதுவாகச் சொல்லுங்கள்" என்றேன் இந்தியில். அவள் மறுபடி சொன்னாள். மறுபடியும் புரியவில்லை என்றேன். மூன்றாவது தடவையில் 'திலீப்' என்பது கேட்டது. நான்காவதில், அவள் இடையிடையே கலந்த இந்தியில், மூன்று நாளாக அவன் பேசவில்லை என்று புரிந்தது. அவன் நம்பரை விட்டால் அவளுக்குத் தெரிந்த பம்பாய் நம்பர், அன்று அவன் பேசிய என்னுடையது ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் ரயில் ஏறினேன். மழை ரயிலுக்குள்ளும் சாரலடித்தது. காட்கோபரில் இறங்கி விசாரித்து விசாரித்துப் போனேன். கட்டடத்தின் நாலாவது மாடியில், சுவர் இல்லாத ஒரு அறையில், திலீப் மண்டியிட்டு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான். மழையில் கரண்ட் போய் மூன்று நாளாக யார் போனிலும் சார்ஜ் இல்லையாம். என்னைக் கண்டதும் பயந்து எழுந்தான். போலீஸ் விஷயமோ என்று நினைத்திருப்பான். "உன் வீட்டில் தேடுகிறார்கள்" என்றேன்.

நம்பரை அடித்தேன். அவன் தன் கைகளைப் பார்த்தான். இரண்டு கையும் மணிக்கட்டு வரை ஈரச் சிமெண்ட். கழுவத் தண்ணீர் கீழ்த்தளத்தில். அதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டாள். நான் போனை அவன் காதோரம் பிடித்தேன்.

அவர்கள் பேசினார்கள். கீழே நகரம் முழுவதும் நீலத் தார்ப்பாய்கள், நடுவே ரயில்கள், மேலே மழை. என் கை வலித்தது, மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். அவர்கள் சொன்னதில் ஒன்றும் எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.